திங்கட்கிழமை வயிற்றுவலி

உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் கடந்த இரண்டு மாதப் பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பென்சிலோடு உட்காருங்கள். யார் எத்தனை நாள் வரவில்லை என்று கூட்ட வேண்டாம். அந்தக் கணக்கு எமிஸில் இருக்கிறது. எந்தெந்த நாள்களில் வரவில்லை என்று மட்டும் பாருங்கள். திங்கட்கிழமை, தொடர் விடுமுறைக்கு மறுநாள், மாதத் தேர்வு தொடங்கும் நாள், விடைத்தாள் கொடுக்கும் நாள் என்று வட்டம் போட்டுக்கொண்டே வந்தால் அநேகமாக எல்லா வகுப்பிலும் இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்களின் விடுப்புக் கடிதங்களைத் தேடிப் பார்த்தால் காரணமும் ஒன்றுபோலவே இருக்கும்: வயிற்றுவலி, தலைவலி, காய்ச்சல் அடிப்பதுபோல் இருந்தது.

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் நடத்துகிறேன். இந்த வயிற்றுவலியைப் பற்றித் தேடிப் படித்ததையும், பெற்றோரையும் ஊராரையும் சேர்த்துக்கொண்டு எங்கள் பள்ளியில் செய்து பார்த்ததையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ள எழுதுகிறேன். மனநல மருத்துவம் என் துறை அன்று. ஆசிரியரின் வேலை எதுவரை, எந்த இடத்தில் நாம் நின்றுகொண்டு மற்றவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

வலி பொய்யல்ல

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பதற்றத்தால் வரும் வயிற்றுவலி நடிப்பு அன்று. பத்தாம் வகுப்பு அறிவியலில் அட்ரினல் சுரப்பியைப் பற்றி நாமே நடத்துகிறோம். ஆபத்து என்று மூளை முடிவு செய்தவுடன் அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் வருகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஓடவும் எதிர்க்கவும் தேவையான கை கால் தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் போகிறது. செரிமானத்துக்குப் போவது குறைகிறது. வயிற்றைப் பிசைவது, குமட்டுவது, அடிக்கடி ஒன்றுக்குப் போகத் தோன்றுவது எல்லாம் இதன் விளைவுகளே. நாய் துரத்தும்போது இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். 'நாளைக்குக் கணக்குப் பரீட்சை' என்ற நினைப்புக்கும் உடம்பு அதே ஏற்பாட்டைச் செய்வதுதான் சிக்கல்.

அச்சத்துக்கும் பதற்றத்துக்கும் உள்ள வேறுபாடும் இதுதான். அச்சம் கண்ணெதிரே இருப்பதைக் கண்டு வருவது. பதற்றம் இன்னும் வராததை நினைத்து வருவது. 'கேள்வி கேட்டால் என்ன செய்வது, எல்லோரும் சிரித்துவிட்டால் என்ன செய்வது, ஃபெயிலாகிவிட்டால் அப்பா என்ன சொல்வார்' என்று 'ஆகிவிட்டால்' என்ற சொல்லைச் சுற்றியே அது ஓடும்.

பதற்றமே கூடாது என்றும் சொல்ல முடியாது. 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து, தூண்டுதல் ஓரளவு இருக்கும்போதே கடினமான வேலையை நன்றாகக் கற்க முடிகிறது, அளவு மீறினால் கற்றல் சரிகிறது என்ற கருத்து வளர்ந்தது. தேர்வுக்கு முந்தைய இரவு கொஞ்சம் படபடத்தால்தான் பிள்ளை புத்தகத்தை எடுக்கும். படபடப்பு பிள்ளையின் படிப்பையும் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பள்ளி வருகையையும் தின்னத் தொடங்கும்போதுதான் நாம் கவனிக்க வேண்டும்.

10 முதல் 19 வயது வரையுள்ளோரில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இது பதற்றம் மட்டுமல்ல, மனச்சோர்வு முதலான மற்றவையும் சேர்ந்த கணக்கு. உலகம் முழுவதுக்குமான சராசரி. ஆனாலும் 35 பேர் உள்ள வகுப்பில் நிற்கும்போது இந்த எண்ணை ஒருமுறை மனத்தில் வகுத்துப் பார்ப்பது நல்லது.

வகுப்பறையில் எப்படித் தெரியும்

பதற்றப்படும் பிள்ளை அழுதுகொண்டு நம்மிடம் வருவது அரிது. பெரும்பாலும் நல்ல பிள்ளை என்று நாம் பாராட்டும் பிள்ளையாகவே அது இருக்கும். எழுதியதை ரப்பரால் அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழும். ஒரு எழுத்து கோணினாலும் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதும். 'சரியா சார், சரியா சார்' என்று ஒரே கணக்கை நான்கு முறை காட்டும். தேர்வு தொடங்கும் நேரத்தில் கழிப்பறைக்கு அனுமதி கேட்கும். எங்கள் பள்ளியில் இதை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவர் சத்துணவுக் கூடத்து ஆயாதான். "அந்தப் பொண்ணு பரீட்சை அன்னிக்கு மட்டும் முட்டையக்கூட தொடறதில்ல சார்" என்பார். நாம் பார்க்கும் முகம் வேறு, தட்டைக் கழுவும் இடத்தில் தெரியும் முகம் வேறு.

இன்னொரு வகை உண்டு. ஆங்கிலப் பாடத்தில் வரிசையாக வாசிக்கச் சொல்லும்போது, தன் முறை வருவதற்குச் சற்று முன்னால் பக்கத்துப் பையனைக் கிள்ளுவான், பென்ச்சைத் தட்டுவான். ஆசிரியர் வெளியே நிற்கச் சொல்வார். அவனுக்கு வேண்டியதும் அதுதான். வாசிக்காமல் தப்பித்துவிட்டான். சேட்டைக்காரன் என்ற பெயர், வாசிக்கத் தெரியாதவன் என்ற பெயரைவிட அவனுக்கு மேல். இப்படிப்பட்ட பையனை வெளியே அனுப்புவது தண்டனை ஆகாது. அவனுக்கு நாம் கொடுக்கும் பரிசு.

ஆறுதலே கண்ணி

இந்தப் பையன் தப்பித்தபோது அவன் நெஞ்சு லேசானது அல்லவா, அங்கேதான் பதற்றம் வளர்கிறது. பயந்த ஒன்றை விட்டு விலகியவுடன் பெரிய ஆறுதல் கிடைக்கிறது. 'விலகினால் பிழைத்தோம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமே விலகச் சொல்கிறது. திங்கட்கிழமை வயிற்றுவலி கொஞ்ச நாளில் செவ்வாய்க்கும் வருவது இதனால்தான். காலை எட்டரை மணிக்குச் சுருண்டு படுத்திருந்த பிள்ளை, பள்ளிப் பேருந்து போன பிறகு ஒன்பதரைக்கு எழுந்து விளையாடுவதைப் பார்க்கும் அம்மா 'ஏமாற்றிவிட்டது' என்று நினைக்கிறார். ஏமாற்றவில்லை. ஆபத்து போய்விட்டது என்று உடம்பு நம்பியதும் வலி நின்றுவிட்டது.

அப்படியானால் மாற்று என்ன? நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற ஏறக்குறைய மூன்று வயதுச் சிறுவனுக்கு உதவிய முறையை எழுதி வெளியிட்டார். பிடித்த தின்பண்டத்தைப் பீட்டர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டில் அடைத்த முயலைத் தொலைவில் வைத்தார்கள். நாள்கள் செல்லச் செல்லக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார்கள். முயலுக்குப் பயப்படாத வேறு குழந்தைகளும் உடன் இருந்தார்கள். இறுதியில் பீட்டர் முயலைத் தொட்டு விளையாடினான். பதற்றத்துக்கு இன்று உளவியலாளர்கள் தரும் பயிற்சிகளின் வேர் இங்கே இருக்கிறது. முயலை ஒழித்து வைக்கவும் இல்லை, பீட்டரின் மடியில் தூக்கிப் போடவும் இல்லை. நம் ஊரில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். 'பாவம் விடு' என்போம், அல்லது 'எழுந்து வா இங்கே' என்று கரும்பலகைக்கு இழுப்போம்.

என் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி கரும்பலகைக்கு வரவே மாட்டாள். பெயரைச் சொன்னாலே கண் கலங்கும். அன்று முழுவதும் பேச மாட்டாள். கணக்கு அவளுக்கு நன்றாகவே வரும். கரும்பலகையின் மேல் ஓரத்தில் தேதி, பதிவு, வருகை எழுதுவோம் அல்லவா, அந்த வேலையை அவளுக்குக் கொடுத்தேன். முதலில் யாரும் வராத எட்டே முக்கால் மணிக்கு, தோழி ஒருத்தி டஸ்டரைப் பிடித்துக்கொண்டு நிற்க, எழுதினாள். இரண்டு வாரம் கழித்துப் பிள்ளைகள் வந்து உட்காரும் நேரத்தில் எழுதினாள். பிறகு வருகை எடுத்து முடித்தபின், வகுப்பு முழுவதும் இருக்கும்போது எழுதினாள். அதற்குள் முதல் பருவம் முடிந்துவிட்டது. அடுத்ததாக நான் கரும்பலகையில் பாதி போட்டு நிறுத்திய கணக்கின் கடைசி வரியை மட்டும் எழுத வந்தாள். ஒரு நாள் கை நடுங்கிச் சுண்ணக்கட்டி விழுந்தது. வகுப்பு சிரிக்கவில்லை, ஏனென்றால் அவள் தினமும் அங்கே நிற்பதைப் பார்த்துப் பழகியிருந்தார்கள். தை மாதம் ஒரு காரணிப்படுத்தும் கணக்கை முழுவதுமாகப் போட்டாள். இதற்கு நான் தனி நேரம் ஒதுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூடுதல் வேலை என்று எதுவும் இல்லை. எப்படியும் யாராவது எழுத வேண்டிய தேதிதான்.

படிகளைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்வது முக்கியம். எந்தப் படி கடினம் என்பது அதற்குத்தான் தெரியும். நாம் மூன்றாம் படி என்று நினைப்பது அதற்குப் பத்தாம் படியாக இருக்கும். ஒரு படியில் நின்று படபடப்பு தானாகக் குறையும் வரை இருக்க விட வேண்டும்; உச்சத்தில் இருக்கும்போது 'சரி போ' என்று அனுப்பினால் பழைய பாடமே மறுபடி உறுதியாகும்.

வீட்டில் நடப்பது

பள்ளியில் நாம் படி கட்டிக்கொண்டிருக்கும்போது வீட்டில் ஏணியை எடுத்துவிடுவார்கள். அன்பினால்தான். பிள்ளை பயப்படுகிறது என்று அம்மா விடுப்புக் கடிதம் எழுதித் தருகிறார். 'என் பொண்ண கேள்வி கேக்காதீங்க சார்' என்று அப்பா வந்து சொல்லிவிட்டுப் போகிறார். கடைக்குப் போகப் பயந்தால் தம்பியை அனுப்புகிறார்கள். தனியாகத் தூங்கப் பயந்தால் பதினான்கு வயதிலும் பாட்டி பக்கத்தில் படுக்கிறார். ஒவ்வொன்றும் சின்ன உதவி. எல்லாம் சேர்ந்து, 'உன்னால் முடியாது என்பது எங்களுக்கும் தெரியும்' என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லெபோவிட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். 2020-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், பதற்றக் கோளாறுள்ள 7 முதல் 14 வயது வரையிலான 124 குழந்தைகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் குழந்தைகளுக்கு நேரடியாக உளவியல் சிகிச்சை. மற்றொரு பிரிவில் குழந்தையை அழைக்கவே இல்லை. பெற்றோருக்கு மட்டும் 12 அமர்வுகள். பயத்துக்கு வளைந்து கொடுக்கும் பழக்கத்தைப் படிப்படியாகக் குறைப்பது எப்படி, அதே நேரம் ஆதரவாகப் பேசுவது எப்படி என்பதே பயிற்சி. முடிவில் பெற்றோருக்குப் பயிற்சியளித்த பிரிவின் குழந்தைகள் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்குக் குறையாமல் முன்னேறியிருந்தார்கள். பெற்றோரிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று சலிப்பு வரும்போதெல்லாம் நான் இந்த ஆய்வை நினைத்துக்கொள்வேன்.

அதில் சொல்லும் ஆதரவுப் பேச்சுக்கு இரண்டு பாதி உண்டு. கஷ்டம் புரிகிறது என்பது ஒரு பாதி. உன்னால் தாங்க முடியும் என்பது மறு பாதி. நம் வீடுகளில் ஏதாவது ஒரு பாதிதான் இருக்கும். பாட்டி முதல் பாதியோடு நிறுத்திவிடுவார். அப்பா இரண்டாம் பாதியை மட்டும், அதுவும் அதட்டலாகச் சொல்வார். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மாவோடு நடந்த பேச்சு நினைவிருக்கிறது. நூறு நாள் வேலை முடிந்து மூன்று மணிக்கு மேல் பள்ளிக்கு வந்திருந்தார்.

"சார், ஜிஎச்ல காட்டிட்டேன். ஸ்கேன் எடுத்துட்டாங்க. வயித்துல ஒண்ணும் இல்லன்றாங்க. அப்பறம் ஏன் சார் இவன் துடிக்கிறான்?"

"வலி நெசந்தாங்கம்மா. பொய் சொல்லல. நீங்க தனியா இருட்டுல வரும்போது பின்னாடி யாரோ வர்ற மாதிரி இருந்தா வயிறு கலங்குமில்ல? அவனுக்கு காலையில பள்ளிக்கூடத்த நெனச்சா அப்பிடி கலங்குது."

"அப்ப ரெண்டு நாள் வீட்ல இருக்கட்டுமா சார்?"

"இருந்தா மூணாம் நாள் இன்னும் கலங்கும்மா. நாளைக்கி ஒரு அஞ்சு நிமிசம் முன்னாடியே கூட்டிட்டு வாங்க. வயித்த வலிக்குதுன்னா, 'வலிக்குதுன்னு தெரியுதுப்பா, போகப் போக கொறஞ்சிடும், உன்னால முடியும்'னு மட்டும் சொல்லுங்க. வேற சமாதானம் வேணாம். மத்தியானம் வரைக்கும் இருக்கட்டும். அப்பறம் பாப்போம்."

மத்தியானம் என்று பேசியது பிறகு மூன்று மணி ஆயிற்று, பிறகு நான்கே கால். அவனோடு வழியில் சேர்ந்து வர அதே தெருவிலுள்ள ஒன்பதாம் வகுப்பு அண்ணன் ஒருவனை ஏற்பாடு செய்தோம். அம்மாவின் கையிலிருந்து பிரிவதைவிட அண்ணனோடு கிளம்புவது அவனுக்கு எளிதாக இருந்தது.

பெற்றோரிடம் பேசும்போது நேரமும் சொல்லும் முக்கியம். திருப்பூரிலோ பெங்களூரிலோ கட்டட வேலையில் இருக்கும் அப்பாவைப் பதினோரு மணிக்கு அழைத்தால் 'சரி சார், சரி சார்' என்று மட்டும்தான் சொல்வார். இரவு எட்டரைக்கு மேல் அழைத்தால் பேசுவார். 'மனநோய்', 'மெண்டல்' என்ற சொற்கள் காதில் விழுந்தாலே கதவு சாத்தப்படும். பெண் பிள்ளை என்றால் 'நாளைக்குக் கல்யாணம் ஆகணுமே' என்ற கவலை உடனே வரும். 'மனசு படபடக்குது' என்பது எல்லோருக்கும் புரிகிற, யாரும் வெட்கப்படாத சொல். பிள்ளையை வைத்துக்கொண்டே பிள்ளையைப் பற்றிப் பேசக் கூடாது.

பலர் முதலில் பூசாரியிடமோ தர்காவுக்கோ போய்க் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். காற்று கருப்பு பட்டுவிட்டது என்பார்கள். நான் அதை எதிர்த்துப் பேசுவதில்லை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருத்துவமும் சேர்த்துக் கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. கயிறும் இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்கும் போய் வருவோம் என்றால் கேட்கிறார்கள்.

பயம் உண்மையாக இருந்தால்

படிப்படியாகப் பழக்குவது என்ற முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆபத்து இல்லாத இடத்தில் வரும் பயத்துக்கு மட்டுமே அது பொருந்தும். எனவே படி கட்டுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய. பேருந்தில் யாரோ தொந்தரவு செய்வதால் ஒரு பெண் பள்ளிக்கு வரப் பயப்படலாம். கழிப்பறையில் பெரிய பையன்கள் காசு பிடுங்கலாம். சாதிப் பெயர் சொல்லி ஒதுக்கலாம். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கும் வீட்டில், அம்மாவை விட்டு வர மனமில்லாமல் பிள்ளைக்கு வயிறு வலிக்கலாம். எழுத்துகள் மாறித் தெரியும் கற்றல் குறைபாட்டாலோ பார்வைக் குறைவாலோ வாசிக்க முடியாத பிள்ளைக்கு வாசிப்பின் மேல் பயம் வருவது இயல்புதானே. அதற்கு வேண்டியது கண்ணாடியும் சிறப்பாசிரியரின் உதவியும். சில இடங்களில் பயத்தின் காரணம் நம் ஓய்வறையில் நம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கக் கூடும். உடல் ரீதியாகவும் மன ரீதியாகவும் தண்டிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009 தடை செய்திருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால் போக்சோ சட்டம் 2012-இன்படி அதைத் தெரிவிப்பது நம் சட்டக் கடமை; பள்ளியின் பெயர், குடும்ப மானம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. உண்மையான ஆபத்தை நோக்கிப் பிள்ளையைப் 'பழகிக்கொள்' என்று தள்ளுவதைவிடக் கொடுமை வேறில்லை.

ஊரும் மதிப்பெண்ணும்

பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பதற்றத்தில் பெரும்பங்கு வினாத்தாளில் இல்லை, தெருவில் இருக்கிறது என்பது என் கருத்து. டீக்கடையில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் கேட்பார்கள், 'எவ்வளவு எடுப்பே?' என்று. மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் முதல் இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-இல் நிறுத்தியது. அறிவிப்பு நின்றது, பள்ளி வாசல் பிளக்ஸ் பலகைகள் நிற்கவில்லை. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசினோம். நீண்ட விவாதம் நடந்தது. 'நல்லாப் படிச்ச புள்ளைங்க படத்த போடலன்னா அடுத்தவன் எப்படி சார் படிப்பான்?' என்று ஓர் உறுப்பினர் விடாமல் கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில் படத்துக்குப் பதில் தேர்ச்சி விவரத்தை மட்டும் எழுதுவது என்று முடிவாயிற்று. அவருக்கு இன்னும் அதில் உடன்பாடில்லை.

எல்லோரும் ஒப்புக்கொண்ட தீர்மானம் வேறொன்று. தேர்வு முடிவு வருவதற்கு முந்தைய வாரமே பெற்றோரை அழைத்து, தேர்ச்சி பெறாவிட்டால் அடுத்து என்ன என்பதைச் சொல்லிவிடுவது. துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது. அதில் தேறினால் அதே ஆண்டிலேயே மேலே படிக்கலாம். இது நமக்குத் தெரிந்த செய்தி. பல வீடுகளுக்குத் தெரியாது. பிள்ளைக்கும் தெரியாது. தோற்றால் எல்லாம் முடிந்தது என்று நம்பும் பிள்ளைக்கும், சில வாரங்களில் இன்னொரு வாய்ப்பு என்று அறிந்த பிள்ளைக்கும் முடிவு வெளியாகும் காலையில் வேறுபாடு மிகப் பெரிது. அன்று பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டாம், அன்றைக்கு ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டில் இருங்கள், உறவினரின் போனைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அப்படியும் ஒருவர் துணைக்கு இல்லாத வீடுகளின் பட்டியலை வைத்து, அந்தத் தெருவிலுள்ள மேலாண்மைக் குழு உறுப்பினர் காலையில் ஒரு எட்டு போய்ப் பார்த்து வருகிறார்.

தேர்வறையில் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி ஐந்தாறு முறை விட்டால் படபடப்பு கொஞ்சம் தணியும். தேர்வுக்குச் சற்று முன், மனத்தில் உள்ள பயங்களை ஒரு தாளில் பத்து நிமிடம் எழுதிய மாணவர்கள் நன்றாகத் தேர்வெழுதியதாக ராமிரெஸ், பெய்லாக் என்ற ஆய்வாளர்கள் 2011-இல் கண்டார்கள். பின்னர் வந்த எல்லா ஆய்விலும் அதே பலன் கிடைத்துவிடவில்லை. செலவில்லாத வேலை என்பதால் திருப்புதல் தேர்வுகளில் செய்து பார்க்கலாம். எழுதிய தாளை நாம் வாங்கிப் படிக்கக் கூடாது.

நம் எல்லை

பீகாரின் நாலந்தா மாவட்ட உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து 2018-இல் வெளியான 'சேஹர்' ஆய்வை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஒரே வகைச் செயல்பாடுகளைச் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களும், வேறு சில பள்ளிகளில் ஆசிரியர்களும் நடத்தினார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் நன்றாக மேம்பட்டது. மாணவரின் மனச்சோர்வும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. நம்மைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நமக்கு வேலை அதிகம் என்பது ஒன்று. மதிப்பெண் போடும் கையிடம் மனத்தைத் திறப்பது பிள்ளைக்கு எளிதன்று என்பது, என் அனுபவத்தில், அதைவிடப் பெரிய காரணம். கவனிப்பதும், படி கட்டுவதும், வீட்டோடு பேசுவதும் நம்முடையவை. என்ன கோளாறு என்று பெயரிடுவதும் சிகிச்சையும் நம்முடையவை அல்ல.

எப்போது ஒப்படைப்பது? பல வாரமாகப் பள்ளிக்கு வராமல் இருந்தால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், மூச்சு முட்டி நெஞ்சடைக்கும் திடீர்ப் படபடப்பு திரும்பத் திரும்ப வந்தால், கையைக் கீறிக்கொள்ளும் தழும்பு தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவே இருக்கிறது. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். சாகலாம் என்று தோன்றுகிறது என்று பிள்ளை ஒரு சொல் சொன்னாலும், எழுதினாலும், அதைச் சும்மா சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'சாகணும்னு நினைக்கிறியாப்பா?' என்று நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. அன்று அந்தப் பிள்ளையைத் தனியே வீட்டுக்கு அனுப்பாமல் பெற்றோரை வரவழைத்து நேரில் ஒப்படைக்க வேண்டும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்ற வாக்கை மட்டும் கொடுக்கக் கூடாது. 'உன்னைக் காப்பாற்றத் தேவையானவரிடம் மட்டும் சொல்வேன்' என்பதே நாம் காப்பாற்றக்கூடிய வாக்கு.

தொலைபேசி எண்கள் மூன்றையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். டெலிமானஸ் 14416, ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். நம் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. எங்கள் பள்ளியில் இவை முதலில் தலைமையாசிரியர் அறை வாசலில் எழுதப்பட்டிருந்தன. அங்கே நின்று எண்ணைக் குறித்துக்கொள்ள எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? இப்போது மாணவியர் கழிப்பறைக் கதவுகளின் உட்பக்கத்திலும், மாணவர்கள் சைக்கிள் நிறுத்தும் கொட்டகைத் தூணிலும் பெயின்டால் எழுதியிருக்கிறோம். மழையில் தூணிலுள்ள எழுத்து கொஞ்சம் அழிந்திருக்கிறது. அரையாண்டு விடுமுறையில் மறுபடி எழுத வேண்டும்.